பிபிசி கணினி எழுத்தறிவுத் திட்டக் காப்பகம்: பார்த்த நிரலை அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம்

பிபிசி 2018இல் இணையத்தில் திறந்த இந்தக் காப்பகத்தில், 1980களில் மக்களுக்குக் கணினி கற்பிக்க அது நடத்திய திட்டத்தின் 267 நிகழ்ச்சிகள் உள்ளன. பழைய நிகழ்ச்சிகள் பார்க்க வேறு இடங்களும் உண்டு. ஆனால் இங்கே, அவற்றில் திரையில் ஓடிய, பிபிசி மைக்ரோ என்ற அக்காலக் கணினிக்கான 166 நிரல்களையும் உலாவியிலேயே இயக்கலாம். காப்பகத்தின் உயிரே இதுதான்.

1982 ஜனவரியில் முதல் தொடர் ஒளிபரப்பானபோதே திட்டத்தை அப்படித்தான் வகுத்திருந்தார்கள். நிகழ்ச்சியோடு புத்தகமும், ஏகார்ன் நிறுவனம் தயாரித்த பிபிசி மைக்ரோ கணினியும் வந்தன. திரையில் கண்டதை அதே பேசிக் நிரல்மொழியில் வீட்டிலும் தட்டிப் பார்க்க முடிந்தது. பிறகு, தொலைக்காட்சி அலையோடு எழுத்துப் பக்கங்களை அனுப்பிய சீஃபாக்ஸ் டெலிடெக்ஸ்ட் சேவை வழியாக நிரல்களையே ஒளிபரப்பினார்கள்; தனி அடாப்டர் இருந்தால் இறக்கிக்கொள்ள முடிந்தது. டிஜிட்டல் விழிப்புணர்வு என்று அரை நிமிட விளம்பரம் ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும் ஊடகங்கள் இதை உட்கார்ந்து படிக்க வேண்டும்.

நிரல் ஓடி முடிந்ததும் மூடிவிடாதீர்கள். எஸ்கேப் அழுத்தி நிறுத்தி, லிஸ்ட் (LIST) கட்டளை கொடுத்தால் மூல வரிகள் வரும். ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் தட்ட வேண்டும். சிறிய எழுத்தென்றால் ‘மிஸ்டேக்’ என்று வரும். நீளமான நிரல் நிற்காமல் ஓடிவிடும் என்பதால் முதலில் கன்ட்ரோலையும் என் (N) விசையையும் சேர்த்து அழுத்துங்கள். பக்கம் பக்கமாக நிற்கும், ஷிஃப்ட் அழுத்தினால் நகரும். ஒரு வரியை மாற்ற, அதே வரி எண்ணோடு மீண்டும் தட்டி ரன் (RUN) கொடுத்தால் போதும். பிரேக் விசையில் கை பட்டு நிரல் மறைந்தால் உடனே ஓல்டு (OLD) கட்டளை கொடுங்கள், திரும்பிவிடும். இடையில் புதிய வரி தட்டிவிட்டால் மீட்பது கடினம். பேசிக்கில் இல்லாமல் நேரடியாக இயந்திர மொழியில் எழுதிய நிரல்களில் லிஸ்ட் பயன்படாது.

அழுத்திய குறி ஒன்று, திரையில் வருவது வேறொன்று என்றால் பயப்பட வேண்டாம். பிபிசி மைக்ரோவில் மேற்கோள் குறி 2 விசையின் மேலும், நட்சத்திரக் குறி முக்காற்புள்ளி (:) விசையின் மேலும் இருந்தன. கைபேசியில் இதெல்லாம் சரிப்படாது. விசைப்பலகை உள்ள கணினி வேண்டும்.

குறை என்றால் மொழிதான். எல்லாம் ஆங்கிலம், பேச்சும் சற்று வேகம். மோடம், கேசட் பற்றிய பகுதிகள் இன்று வரலாறாக மட்டுமே பயன்படும். ஆனால் கடவுச்சொல் பற்றிய பாடம் பழையதாகவில்லை: 1983 அக்டோபரில் நேரலையில் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து காட்டியபோது, ஹேக்கர்கள் விட்டுவைத்த பாட்டுத்தான் திரையில் வந்தது.

புதியவர்கள் 1982 தொடரின் பத்துப் பகுதிகளிலிருந்து தொடங்கலாம். வகுப்பெடுப்பவர்களுக்கு முழு நிகழ்ச்சி தேவையில்லை. தலைப்புவாரித் தேடலில் ஒரு சிறு துண்டை எடுத்துக் காட்டிவிட்டு, மாணவர்களை நேராக நிரலுக்கு அனுப்புங்கள்.