கோவளம் பக்கம் ஒரு ஜெட் ஸ்கி மெக்கானிக்: பெட்ரோல் வாடைக்கும் சூட்டுக்கும் போகலாமா?

போர்டு கிடையாது. கூகுள் மேப்பில் தேடினால் வராது. ஜிஎஸ்டி பில் கேட்டால் சிரிப்பார். இருந்தாலும் சென்னை ஈசிஆரில் ஜெட் ஸ்கி (ஸ்கூட்டர் மாதிரி உட்கார்ந்து கடலில் ஓட்டும் வண்டி) வைத்திருக்கிற யாராவது "பெட்ரோல் வாடை அடிக்குது, சூட்டு அலாரம் வேற கத்துது" என்று புலம்பினால் நான் அனுப்புகிற இடம் இதுதான். கோவளம் தாண்டித் திருவிடந்தை போகிற வழியில், கடல் பக்கம் உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகை. ஆள் குமரி மாவட்டக் கடற்கரைக்காரர். அங்கே மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு எஞ்சின்களைப் பிரித்துப் பழகிய கை. பெயரும் நம்பரும் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் போடவில்லை. மீனவர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

சவாரிக்கு விட நாங்கள் வைத்திருப்பது மூன்று பேர் உட்காரும் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள், எல்லாமே செகண்ட் ஹேண்டு. அதில் ஒன்று இரண்டு வியாதியையும் ஒரே சீசனில் காட்டியது. முதலில் ஊருக்குள் இருக்கும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குத்தான் கொண்டு போனோம். ஏசி ரூமில் உட்கார வைத்து, காபி கொடுத்து, டெம்பரேச்சர் சென்சாரை மாற்றினார்கள், பெட்ரோல் கசிந்த இடத்தில் சிலிக்கான் பூசினார்கள், பதினெட்டாயிரம் வாங்கினார்கள். வாடையும் திரும்பி வந்தது, அலாரமும் திரும்பி வந்தது.

இவர் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கேட்டது ஒரே கேள்வி. "டேங்க் நெறஞ்சிருக்கும்போ வாடை வருதா, பாதியில இருக்கும்போ வருதா மக்கா?" நிரப்பின அன்றைக்கு மட்டும்தான் வரும், பாதிக்குக் கீழே போனால் வராது என்றேன். அப்படியானால் கசிவு டேங்கின் மேல்பக்கம் என்றார். பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாய், பெட்ரோலைத் தள்ளும் பம்ப் உட்காரும் கேஸ்கட், காற்று போகும் வென்ட் குழாய், இந்த மூன்றில் ஒன்று. எஞ்சினுக்குப் போகிற பிரஷர் லைன் கசிந்தால் டேங்க் எவ்வளவு இருந்தாலும் வாடை வரும். சாவி போட்டு பம்ப் ஓடும்போது இன்னும் தெரியும். பதினெட்டாயிரம் வாங்கியவர்கள் இதைக் கேட்கவே இல்லை.

சீட்டைக் கழற்றி வண்டியைக் காற்றாட விட்டார். பேட்டரி நெகட்டிவைப் பிடுங்கினார். பீடியோடு வேடிக்கை பார்க்க வந்தவரைத் தெருமுனை வரைக்கும் விரட்டினார். விஷயம் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். ஜெட் ஸ்கியின் அடிவயிற்றில் போய்த் தங்கினால் தானாக வெளியே வராது. ஸ்டார்ட்டரில் ஒரு பொறி பறந்தால் போதும். எங்கள் பையன்கள் இப்போது காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் சீட்டைத் திறந்து சில நிமிடம் விடாமல் பட்டனைத் தொடுவதில்லை.

அப்புறம் சோதனை. வென்ட் குழாயில் ஒரு வழி வால்வு இருக்கும். வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் வெளியே கொட்டாது, காற்று மட்டும் உள்ளே போகும். அதைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தார். ஒரு பக்கம் போனது, மறுபக்கம் அடைத்தது, சரி. அது இறுகிவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, வேகத்தில் பெட்ரோல் கிடைக்காமல் வண்டி திணறுமாம். வால்வு இருந்த இடத்தில் மீட்டர் வைத்த ஒரு கைப் பம்பை மாட்டி, டேங்குக்குள் லேசாகக் காற்று ஏற்றினார். பிளாஸ்டிக் டேங்க் என்பதால் முள் இரண்டு பிஎஸ்ஐயைத் தாண்ட விடவில்லை. சோப்புத் தண்ணீரைப் பெயின்ட் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே வந்தார். பம்ப் கேஸ்கட்டில் ஒன்றும் இல்லை. கழுத்துக் குழாயின் கிளிப்புக்குக் கீழே பொடிப் பொடியாக நுரை கிளம்பியது.

சிலிக்கான் பூசியிருந்த இடம்தான். பெட்ரோல் பட்டு ஊறி, மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி நகத்தோடு வந்தது. சாதாரண சிலிக்கான் பெட்ரோலுக்கு நிற்காது. அதைச் சுரண்டி எடுத்தபோது அடியில் ரப்பரில் வரிசையாகக் கீறல்கள். யாரோ ஆட்டோ கடைக் கிளிப் போட்டிருக்கிறார்கள். பட்டையில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்த ஓட்டையின் விளிம்பு ரப்பரைக் கடித்திருந்தது. பட்டை எவர்சில்வர், திருகு இரும்பு. உப்புக் காற்றில் திருகு துருப்பிடித்துப் பிடி விட்டுவிட்டது.

வழுவழுப்பான உள்பட்டை உள்ள, திருகும் எவர்சில்வராக உள்ள கிளிப்புகளை இரண்டிரண்டாகப் போட்டார். குழாய் விஷயத்தில் மனிதர் பிடிவாதக்காரர். நான் வாங்கிப் போயிருந்த டியூபைத் திருப்பி, மேலே அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டார். அது ஆர்7 ரகம், கார்பரேட்டருக்கு. இன்ஜெக்‌ஷன் வண்டியின் பிரஷர் லைனுக்கு ஆர்9தான் வேண்டும். கழுத்துக் குழாய் மட்டும் கம்பெனி பாகமே வேண்டும் என்று காக்க வைத்தார். அது வர வாரக்கணக்கில் ஆனது, சீசனில் அது எனக்குக் கடுப்புதான்.

பழைய ரப்பர் சீக்கிரம் போவதற்கு இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். நாடு முழுக்க ஈ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், வந்துவிட்டது. ஜெட் ஸ்கி மேனுவல்களில் பொதுவாக 10 சதவீத எத்தனால் வரைக்கும்தான் அனுமதி. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் ஈரத்துக்குப் பஞ்சமா? மழைக்காலத்தில் டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டு வைக்காதீர்கள் என்பது அவர் அறிவுரை. வருஷத்துக்கு ஒரு முறை எல்லா டியூபையும் மடக்கிப் பார்க்கச் சொன்னார், வெடிப்பு அப்போதுதான் தெரியும்.

சூட்டுப் பிரச்சினைக்கு வருவோம். யமஹா, கவாசாகி வகை வண்டிகளில் ரேடியேட்டர் கிடையாது. ஜெட் பம்ப் தள்ளுகிற தண்ணீரில் ஒரு பங்கு எஞ்சினைச் சுற்றிவிட்டு வெளியே போகும். அதில் கொஞ்சம் பக்கவாட்டுச் சின்னத் துவாரம் வழியாகப் பீய்ச்சும். எங்கள் பையன்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. ஸீ-டூ கம்பெனி வண்டிகளில் வரும் ரோட்டாக்ஸ் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கூலன்ட் மூடிய சுற்றில் ஓடும். வண்டியின் அடியில் இருக்கும் அலுமினியத் தகடுதான் சூட்டைக் கடலுக்குக் கடத்தும். ஆக, அலாரம் ஒன்றுதான் என்றாலும் தேட வேண்டிய இடம் வேறு.

எங்கள் வண்டி முதல் வகை. துவாரத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அடியில் தண்ணீர் உறிஞ்சும் வாயின் கம்பி கிரேட்டில் பாலித்தீன், கயிறு ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. கரையில் வைத்து, எஞ்சினைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிற ஃப்ளஷ் டியூபை மாட்டினார். அப்போதும் சொட்டுத்தான். துவாரத்துக்குப் போகிற மெல்லிய டியூபை எஞ்சின் பக்கம் கழற்றிவிட்டதும் தண்ணீர் பாய்ந்து வந்தது. அந்த டியூபுக்குள் உப்பு வெள்ளையாகக் கெட்டித்திருந்தது. எஞ்சினுக்குள் பாதை நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியிருக்க, அலாரம் ஏன் அடித்தது? பம்பிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் வரும் வழியில் இன்னொரு அடைப்பு இருக்க வேண்டும். ஜெட் பம்பை இறக்கினார். தண்ணீர் எடுக்கும் வாயில் உள்ள சல்லடை முழுக்க மணல், சிப்பித் தூள், நைலான் வலை நார். சென்சாருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஜெட் பம்புக்குள் சுழலும் இம்பெல்லருக்கும் அதன் சுற்று வளையத்துக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்தார். மணல் கீறியிருக்கிறது, இடைவெளி கூடினால் தள்ளும் விசையும் குறையும், குளிர்விக்கும் தண்ணீரும் குறையும். ஆனால் இந்த சீசன் தாங்கும் என்றார். மாற்றச் சொல்லிக் காசு பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை.

உப்பு எப்படிக் கெட்டித்தது என்பதற்கு எங்கள் யார்டுக்கே வந்தார். நாங்கள் தினமும் ஃப்ளஷ் செய்யும் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துத் துப்பினார். "இது உப்புத் தண்ணியாக்கும் மக்கா!" கடலோர போர் தண்ணீர், வேறென்ன இருக்கும். இப்போது லாரித் தண்ணீரில்தான் ஃப்ளஷ். பையன்களுக்கு வரிசையையும் அவரே நின்று சொல்லிக் கொடுத்தார்: முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர், நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். எஞ்சின் ஓடாதபோது தண்ணீரைத் திறந்தால் அது எக்ஸாஸ்ட் வழியாக சிலிண்டருக்குள் ஏறிவிடும். தண்ணீர் இல்லாமல் கரையில் 15 விநாடிக்கு மேல் ஓட விடக் கூடாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். போன் எடுக்க மாட்டார். சொன்ன தேதிக்கு வண்டி கிடைக்கும் என்று முன்பதிவு வாங்கி வைக்காதீர்கள். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்க வேண்டிய கோளாறு, ஸீ-டூ சாவி புரோகிராம் செய்வது இதெல்லாம் அவரிடம் நடக்காது. அவரே டீலரிடம் போகச் சொல்லிவிடுவார். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதுதான் கணக்கு, ஆடிட்டருக்கு ஆகாது. கூலி என்று எங்களிடம் வாங்கியது ஐயாயிரத்து ஐந்நூறு, பாகங்கள் தனி. கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச், கொட்டகை திறக்காது. நம் தொழிலுக்கு அன்றைக்குத்தான் கூட்டம். சனிக்கிழமை இருட்டுவதற்குள் வண்டியை எடுத்துவிடுங்கள், விட்டால் திங்கள்தான்.