பரிஸிலிருந்து நாந்துக்கு ரயிலில்: பி.எஸ்.ஜி ஏறாத வண்டி எப்படி இருக்கிறது?

அக்காவின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அறைச் சுவரில் வெள்ளை தெரியாத அளவுக்கு, பரிஸின் உதைபந்தாட்டக் கழகமான பி.எஸ்.ஜி படங்கள். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன், "பரிஸுக்கு வெளியில ஒரு மைதானம் காட்டுங்கோ மாமா" என்றான். எனக்கு உடனே பிரான்சின் மேற்கில் உள்ள நாந்த் நகரம்தான் ஞாபகம் வந்தது. மைதானத்தை விட, போகிற வழிதான் காரணம். ஒரு ரயில் பாதை உதைபந்தாட்டச் செய்தி ஆனது என்றால் அது பரிஸ் – நாந்த் பாதைதான், 2022-இல் பி.எஸ்.ஜி விமானத்தில் போனது பற்றிய அந்தச் சண்டை நடந்த நாளிலிருந்தே இதில் ஒருதரமாவது ஆட்டம் பார்க்கப் போய் வர வேண்டும் என்று எனக்கு இருந்தது. போய் வந்தோம். வண்டியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அந்த விஷயத்தை விட்டுவிட்டு வண்டியை மட்டும் எழுத என்னால் முடியவில்லை.

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 செப்டம்பர் 3, பி.எஸ்.ஜி நாந்தில் விளையாடி 3-0 என்று வென்றது. விமானத்தில் போய் வந்தார்கள். மறுநாள், தெஜேவே (TGV) என்ற பிரெஞ்சு அதிவேக ரயில்களுக்குப் பொறுப்பாக இருந்த அலன் கிராகோவிச், இந்த ஊருக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தானே, உங்களுக்கு ஏற்ற மாதிரி ஒரு வண்டி ஏற்பாடு செய்து தருகிறோம் என்று வெளிப்படையாக எழுதினார். அதற்கு அடுத்த நாள் செய்தியாளர் ஒருவர் இதைக் கேட்டதும், பக்கத்தில் இருந்த அணியின் நட்சத்திர வீரர் எம்பாப்பே விழுந்து விழுந்து சிரித்தார். பயிற்சியாளர் கல்த்தியே, கடற்கரை மணலில் காற்றுக்கு ஓடும் பாய்மர வண்டியில் போகலாமா என்று பார்க்கிறோம் என்றார். அந்தக் கோடையில் பிரான்ஸ் முழுவதும் வறட்சி, தென்மேற்கே ஜிரோந்துப் பக்கம் காடு எரிந்து ஆயிரக்கணக்கான சனம் வீட்டை விட்டு ஓடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிரதமர் வரை கண்டித்தார்கள், கல்த்தியேயும் பிறகு வருத்தம் தெரிவித்தார். நான் பி.எஸ்.ஜி ரசிகன். அந்தச் சிரிப்பைப் பார்த்த அன்று எனக்கு உண்மையாகவே வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

ஞாயிறு காலை, பரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலில் மட்டன் றோல்ஸ் ஆறும் மரக்கறி ரொட்டி நாலும் கட்டி வாங்கிக்கொண்டு, கார் து நோரில் நாலாம் இலக்க மெட்ரோ ஏறினோம். மாறாமல் நேரே மொன்பர்னாஸ். அங்கே மெட்ரோவிலிருந்து ரயில் நடைமேடைக்குப் போகும் சுரங்க நடைபாதை நீளமானது, நகரும் பாதை இருந்தாலும் பதினைந்து நிமிடம் கையில் வைத்துக்கொண்டு போங்கள். டிக்கெட்டை மூன்று வாரம் முன்பே எடுத்ததால் இரண்டு பேருக்கும் போக வர நூறு யூரோவுக்குள் முடிந்தது. கடைசி நேரத்தில் எடுத்தால் இந்த விலை கிடைக்காது.

இருக்கை மேல்தளத்தில். பரிஸ் புறநகர் தாண்டினதும் வண்டி வேகம் பிடிக்கிறது, மணிக்கு 300 கிலோமீட்டர், ஆனால் மடித்தட்டில் வைத்த தண்ணீர்க் கிளாஸ் அசையவில்லை. இது 1989-இல் திறந்த அத்லாந்திக் அதிவேகப் பாதை, மறு வருடம் இதே பாதையின் தூர் நகரப் பக்கக் கிளையில்தான் தெஜேவே 515.3 கிலோமீட்டர் வேகச் சாதனை வைத்தது. 2017-இல் லு மானுக்கு அப்பாலும் அதிவேகப் பாதை போட்ட பிறகு பயணம் இன்னும் சுருங்கியது. ஆன்ஜே தாண்டினால் வண்டி பழைய பாதையில் மெதுவாக ஓடும், அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இடதுபக்க யன்னல் கேட்டு வாங்குங்கள். லுவார் ஆறு கூடவே வருகிறது, நடுவில் மணல்திட்டுகள், கரையில் தட்டைப் படகுகள். பெடியன் போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான், அதைவிட நல்ல சான்றிதழ் என்னிடம் இல்லை. றோல்ஸ் அதற்குள் முடிந்துவிட்டது.

இரண்டு மணி நேரமும் சில நிமிடமும். நாந்த் நிலையத்தின் வடக்கு வாசலில் இறங்கினால் எதிரிலேயே ஒன்றாம் இலக்கத் திராம். 1985-இல் இந்தத் திராம் ஓடத் தொடங்கிய பிறகுதான், திராமைக் கைவிட்ட மற்றப் பிரெஞ்சு நகரங்களும் ஒவ்வொன்றாகத் திரும்பவும் தண்டவாளம் போட்டன. அதன் ஒரு கடைசித் தரிப்பிடம் பொஜுவார், மைதானத்துக்குப் பக்கத்தில். மஞ்சள் பச்சைச் சட்டைக்காரர்களோடு நெருக்கிக்கொண்டு போனோம். வீட்டு வாசலிலிருந்து மைதானக் கதவு வரைக்கும் கார் ஒன்றில்கூட ஏறவில்லை.

திராமில் மருமகன் கேட்டான்: "மாமா, இவ்வளவு சுகமா வரலாம் எண்டால் அவங்கள் ஏன் வரேல்ல?"

அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அரசின் சூழல் முகமை அதெம் கணக்குப்படி தெஜேவேயில் ஒரு ஆளுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மூன்று கிராமுக்கும் குறைவான கரியமில வாயுதான். பிரான்ஸ் மின்சாரத்தில் பெரும்பகுதி அணு உலைகளிலிருந்து வருவதால் இவ்வளவு குறைவு. உள்நாட்டுக் குறுந்தூர விமானத்தில், அது வானத்தில் விட்டுப்போகும் வெண்கோடுகளின் வெப்பத்தையும் சேர்த்தால், அதே ஆளுக்கு அதே கிலோமீட்டருக்கு இருநூறு கிராமுக்கு மேல். வீரர்கள், பயிற்சியாளர்கள், வைத்தியர், உடுப்புப் பெட்டி தூக்குபவர்கள் எல்லாம் சேர்த்து அறுபது பேர் என்று வைத்துக்கொள்வோம். ரயிலில் போக வர எல்லாருக்குமாக 140 கிலோ அளவில் வருகிறது. விமானத்தில் எட்டு டன். அதுவும் சாதாரணப் பயணி விமானத்தை வைத்துப் போட்ட கணக்கு. அணிகள் வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் பாதி காலியாகப் பறக்கும், அவர்களை ஏற்றுவதற்கு வேறு ஊரிலிருந்து வெறுமையாக வந்து சேர்வதும் உண்டு, இன்னொரு பக்கம் அணியின் பேருந்து ஆளில்லாமல் சாலையில் ஓடி விமான நிலையத்தில் காத்து நிற்பதும் உண்டு.

மைதானத்துக்கு வருகிற முப்பதாயிரம் பேரின் பயணத்தோடு பார்த்தால் எட்டு டன் சின்னத் தொகை என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஓர் ஆட்டத்தின் புகையில் பெரும்பங்கு ரசிகர்களாகிய எங்களுடையது. ஆனால் என் மருமகன் தலைமுடி வெட்டுவதுகூட அந்த வீரர்களைப் பார்த்துத்தான். அவர்கள் ரயிலில் இறங்கி நடந்து வரும் ஒரு படம் போதும், ஆயிரம் விளம்பரப் பலகை வேண்டாம்.

இனி அணியின் பக்கமும் நியாயமாகப் பார்க்க வேண்டும். 2022-இல் அந்த ஆட்டம் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கியது. முடிய பதினொரு மணி ஆகும், குளித்து, பேட்டி கொடுத்து, பேருந்தில் ஏற நள்ளிரவு. அந்த நேரத்தில் பரிஸுக்கு ரயில் இல்லை. இரவில் அதிவேகப் பாதையைப் பராமரிப்பு வேலைக்காக மூடிவிடுவார்கள். ஆகவே கிராகோவிச் சொன்னது போலத் தனி வண்டி ஒன்றை ஏற்பாடு செய்தாலும், அது எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்பதை ரயில்காரர் மட்டும் முடிவு செய்ய முடியாது. இந்தச் சேவைக்கு நான் சொல்லும் ஒரே பெரிய குறை இதுதான், இரவு ஆட்டம் என்றால் திரும்பி வர வழி இல்லை. அது அணிக்கு மட்டுமல்ல, எங்களுக்கும்தான்! நாங்கள் மூன்று மணி ஆட்டத்துக்குப் போனதால் ஐந்து மணிக்கு மைதானத்தை விட்டு, ஏழு மணி வண்டி பிடித்து, பெடியனைப் பத்து மணிக்குள் அக்கா வீட்டில் விட்டேன். அதே ஆட்டம் ஒன்பது மணிக்கு என்றால் நாந்தில் அறை எடுக்க வேண்டும், அல்லது காரில் நாலு மணி நேரம்.

அதனால் எனக்கு இப்போது கோபம் சிரித்தவர்கள் மேல் குறைவு, ஆட்ட நேரத்தை எழுதுகிறவர்கள் மேல் அதிகம். தொலைக்காட்சிக்காகத்தான் ஒன்பது மணி. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயில் உள்ள ஊர்களுக்கிடையே நடக்கும் ஆட்டங்களை மட்டுமாவது ஐந்து மணிக்கு வைத்தால் அணியும் ரசிகரும் ஒரே இரவில் ரயிலில் வீடு திரும்பலாம். இதற்குப் புதுத் தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம், அட்டவணையில் ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

இரண்டரை மணி என்று நான் சும்மா சொல்லவில்லை. 2021 காலநிலைச் சட்டத்தின்படி, அந்த நேரத்துக்குள் நல்ல ரயில் வசதி இருந்தால் உள்நாட்டு விமானம் கூடாது என்று 2023 மே மாதம் ஆணை வந்தது. பரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து நாந்த், லியோன், போர்தோ, இந்த மூன்று ஊர்களுக்கும் சாதாரணப் பயணி விமானத்துக்குத் தடை வந்தது. ஆனால் அந்தச் சட்டம் தனியார் ஜெட்டையும் வாடகை விமானத்தையும் தொடவில்லை. அதாவது நான் டிக்கெட் வாங்கிப் பறக்க முடியாத வழியில் அணி பறக்கலாம். அந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று நான் திடமாக நினைக்கிறேன்.

பிரான்சை மட்டும் குறை சொல்லவும் கூடாது. இங்கிலாந்தில் 2023 ஜனவரி முதல் மார்ச் வரை இரண்டு மாதத்தில் நூறு ஆட்டங்களை பிபிசி ஆராய்ந்தபோது, பிரீமியர் லீக் அணிகள் உள்நாட்டிலேயே 81 தரம் பறந்தது தெரிந்தது. பிரான்சை விடச் சின்ன நாடு அது. மறுபக்கம், 2024 யூரோ கிண்ணத்தில் ஜெர்மனியில் பல அணிகள் ரயிலில் போயின, டிக்கெட் வைத்திருந்த ரசிகர்களுக்கு உள்ளூர்ப் பேருந்து, திராம் எல்லாம் 36 மணி நேரம் இலவசம். அதே போட்டியில் அரையிறுதிக்கு வொல்ஸ்பேர்க்கிலிருந்து டோர்ட்முண்ட் போக இருந்த நெதர்லாந்து அணி, பாதையில் தடை ஏற்பட்டதால் ரயிலை விட்டு விமானத்தில் போய், செய்தியாளர் சந்திப்பே நின்றுபோனது. ரயிலை நம்பச் சொல்கிறவர்கள் ரயிலை நம்பும்படி வைத்திருக்கவும் வேண்டும், அதையும் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் போன அன்று போகவும் வரவும் வண்டி நேரத்துக்கு ஓடியது.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. பகல் ஆட்டம் பார்க்கக் குடும்பத்தோடு போகிறவர்கள் யோசிக்காமல் போங்கள், காரை எடுக்க வேண்டாம். சாப்பாடு கையில் கொண்டு போங்கள். இரவு ஆட்டம் என்றால் முதலில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு அப்புறம் மைதான டிக்கெட் வாங்குங்கள்.

மருமகன் திரும்பி வரும் வழியில் பி.எஸ்.ஜி கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினான், பிரெஞ்சில், பள்ளிக் கொப்பித் தாளில். பெட்டியில் எத்தனை இருக்கை என்று நடந்து நடந்து எண்ணி அதையும் எழுதினான், எல்லாரும் ஒரே பெட்டியில் வர இடம் காணும் என்று. இடதுபக்கத்தில் உட்காரச் சொல்லியும் ஒரு வரி. முத்திரை ஒட்டி நேற்றுத்தான் போட்டோம்.