கேஎல்ல (கோலாலம்பூர்ல) ட்வின் டவர் பக்கத்துல "லக்ஸரி சூட்" புக் பண்றவங்க இத படிச்சுட்டு பண்ணுங்க

கேஎல் போய் ட்வின் டவர் தெரியற மாதிரி ஸ்டைலா ஒரு ரூம் எடுத்து ஒரு வீக்கெண்ட் ஜாலியா இருந்துட்டு வரலாம்னு நினைக்கறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. 2023 டிசம்பர்ல இருந்து நமக்கு விசா இல்லாம விடறாங்க, திருச்சில ஏறுனா நாலு மணி நேரத்துல இறங்கிடலாம், அதனால நம்மாளுங்க நிறைய பேர் கிளம்பறாங்க. கிளம்புங்க, ஊர் சூப்பர். ஆனா ரூம விக்கறது ஹோட்டலா, இல்ல அந்த பில்டிங்ல ஃப்ளாட் வச்சு வாடகைக்கு விடற ஏஜென்ட்டானு பாத்துட்டு காசு கட்டுங்க.

விஷயம் என்னன்னா கேஎல்சிசி, அதாவது ட்வின் டவர் இருக்கற ஏரியா, அத சுத்தி இருக்கற டவர்ல பல டவர் ஒரே ஆளோடது கிடையாது, கொஞ்சம் மாடி ஒரு ஹோட்டல் கம்பெனி கைல இருக்கும், மிச்சத்த ஒவ்வொரு வீடா தனித்தனி ஆளுங்களுக்கு வித்திருப்பாங்க, அவங்க வாங்கிப் போட்டுட்டு ஏஜென்ட்கிட்ட விட்டுடுவாங்க, ஏஜென்ட் அத தினசரி வாடகைக்கு விடுவான். வாசல் ஒன்னு, லாபி ஒன்னு, வெளிய போர்டு ஒன்னு. ஆனா உள்ள போனா ரெண்டு ஜாதி. நாங்க புக் பண்ணுன சைட்ல ரூம் பத்தி போட்டிருந்த லிஸ்டிங்ல இத எங்கயுமே சொல்லல. பில்டிங் பேரு பெருசா, அஞ்சு ஸ்டாரு, மேல் மாடி பூல் ஓரமா ஒரு பொண்ணு நிக்க பின்னாடி ட்வின் டவர். அந்த ஸ்டார் வேற, சில சைட்ல விக்கறவங்களே போட்டுக்கறதுதான், கவர்மெண்ட் குடுத்த ஸ்டார்னு நினைச்சுக்காதீங்க.

எங்க கல்யாண நாளுக்குப் போனோம். லாபிய பாத்ததும் எங்க வீட்டுக்காரர் "பரவால்லயே"ன்னு ஒரு சிரிப்பு. கவுண்டர்ல நம்ம தமிழ்ப் பொண்ணு, பாஸ்போர்ட்ட வாங்கி தட்டிப் பாத்துட்டு மெதுவா கேட்டுச்சு, "அக்கா, உங்க பேரு எங்க சிஸ்டத்துல இல்லயே, எந்த ஏஜென்டு?" எனக்கு ஒன்னும் புரியல. புக்கிங்க காட்டுனேன். "இது ஹோட்டல் ரூம் இல்லக்கா, ஓனர் வீடு. சாவிக்கு நீங்க கீழ போகணும்லா, கார் பார்க்ல இருக்கு." பாவம், அதுவும் தினம் எத்தன பேருக்கு இந்த பதில சொல்லுதோ.

கார் பார்க்ல குப்பைத்தொட்டி பக்கத்துல ஒரு கம்பி வேலி, அதுல குட்டி குட்டியா நம்பர் பூட்டு போட்ட சாவிப் பெட்டிங்க, கோயில் மரத்துல புள்ள வரம் கேட்டு தொட்டில் கட்டி விட்ட மாதிரி வரிசையா தொங்குது. அதுல எது எங்களோடதுன்னு தெரிய 300 ரிங்கிட் டெபாசிட் கட்டணுமாம். ஏஜென்ட் ஒரு லிங்க் அனுப்பறான் வாட்ஸ்அப்ல. புக்கிங் பேஜ்ல டெபாசிட்னு ஒரு வார்த்த கிடையாது. கட்டுனா நம்பர், இல்லன்னா கிடையாது. பெட்டியோட நிக்கறோம், என்ன பண்றது, கார்டுல கட்டுனோம். அப்பறம் "டூரிசம் டேக்ஸ்"னு ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 20 ரிங்கிட் கேஷா மேசை டிராயர்ல வச்சிடுங்கன்னு இன்னொரு மெசேஜ். இத நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க: மலேசியால வெளிநாட்டுக்காரங்களுக்கு அந்த வரி 2017ல வந்தது, ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட், ஆள் கணக்கு இல்ல. நான் ரசீது கேட்டேன், அதுக்கப்பறம் அந்த மெசேஜுக்கு பதிலே இல்ல, நானும் டிராயர்ல ஒன்னும் வைக்கல.

ரூம் சொல்லவே வேணாம். "சிட்டி வியூ"ங்கறது எதிர் பில்டிங்கோட ஏசி மெஷின் வரிசை, ஜன்னல் கண்ணாடில கன்னத்த ஒட்டி வச்சு பாத்தா ஒரு டவரோட உச்சி மட்டும் தெரியும். ரெண்டு டவர்ல ஒன்னு! ரெண்டு டவல், அதுல ஒன்னு கைத்துண்டு சைஸ். பெட்ஷீட் மாத்தறது, தண்ணி பாட்டில், எதுக்குமே ஆள் கிடையாது, கவுண்டருக்கு போன் பண்ணுனா நாங்க இல்லங்கறாங்க, ஏஜென்ட்க்கு போன் பண்ணுனா எடுக்கறதில்ல.

சரி பூலாச்சும் போவோம், போட்டோ எடுப்போம்னு புது டிரஸ்ஸெல்லாம் போட்டுக்கிட்டு மேல போனா லிஃப்ட்ல எங்க கார்டு அந்த மாடிக்கு வேலை செய்யல. அது ஹோட்டல் ஆளுங்களுக்கு மட்டும், கைல பேண்ட் கட்டிருக்கணும். எங்களுக்கு உள்ளது கீழ் மாடில ஒன்னு, பசங்க கூட்டம், பின்னாடி சுவரு. லிஸ்டிங்ல போட்டிருந்தது அந்த மேல் பூல்தான். இது ஏமாத்து இல்லாம வேற என்ன?

ஹோட்டல் மேனேஜர் வந்து பொறுமையா கேட்டாரு, ஆனா "அவங்க தனி பார்ட்டி, நாங்க ஒன்னும் பண்ண முடியாது"ன்னுட்டாரு. இதுல அங்க இருக்கறவங்களுக்கே கடுப்பு இருக்கு. கேஎல்லயே மோன்ட் கியாராங்கற ஏரியால ஒரு குடியிருப்புல இந்த தினசரி வாடகைய நிறுத்தணும்னு சண்ட போயி, 2020ல ஃபெடரல் கோர்ட் (அங்க அதுதான் உச்ச நீதிமன்றம்) வரைக்கும் வந்து, நிர்வாகம் தடை போடலாம்னே தீர்ப்பாச்சு. அதாவது தடை இருக்கற பில்டிங்ல ஏஜென்ட் திருட்டுத்தனமா விட்டிருந்தா உங்கள செக்யூரிட்டி வாசல்லயே நிறுத்தலாம். "யாராச்சும் கேட்டா ஓனரோட ஃப்ரெண்டுன்னு சொல்லுங்க"ன்னு ஏஜென்ட் மெசேஜ் அனுப்புனா அப்பவே உஷாராகிடுங்க.

மறுநாளே புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு நிஜ ஹோட்டலுக்கு மாறிட்டோம். அங்க 10 ரிங்கிட் வரிய கவுண்டர்ல வாங்கிட்டு பில்லும் குடுத்தாங்க. இன்னொன்னு, டவருக்கு பக்கத்துலயே தங்கணும்னு அவசியமே இல்ல. புக்கிட் பிந்தாங்ல இருக்கற பெவிலியன் மால்ல இருந்து கேஎல்சிசி வரைக்கும் ஏசி போட்ட நடைபாலம் இருக்கு, ஒரு கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல, வேர்க்காம நடந்து போய் ராத்திரி ஃபவுண்டன் ஷோ பாத்துட்டு நடந்தே வந்தோம்.

புக் பண்றதுக்கு முன்னாடி அந்த பில்டிங் பேர தேடிப் பாருங்க, ஒரே டவருக்கு வேற வேற பேர்ல நிறைய லிஸ்டிங் வந்தா அது இந்த கேஸ்தான். ஹோட்டலோட சொந்த வெப்சைட்ல இருக்கற நம்பருக்கு போன் போட்டு, புக்கிங் நம்பர சொல்லி "இது உங்க ரூமா, எந்த பூல்"னு கேளுங்க. ஃப்ரீ கேன்சல் இருக்கறதா எடுத்தா ரொம்ப நல்லது, டெபாசிட் லிங்க் வந்த உடனே புக்கிங்க கேன்சல் பண்ணிடலாம். போட்டோவ பொறுத்தவரைக்கும் தங்குனவங்க போட்டதத்தான் நம்பணும், அதுலயும் கம்மி மார்க் குடுத்தவங்களோடத.

டெபாசிட்ல பாதிதான் திரும்ப வந்துச்சு, "டவல் கறை"ன்னு ஒரு பழுப்பு டவல் போட்டோ அனுப்புனான். எங்க ரூம்ல இருந்தது ரெண்டும் வெள்ளை. இப்ப பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டு வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் குடுத்திருக்கோம், லிங்க்ல கட்டுன டெபாசிட்ட இப்படி கார்டு வழியா திரும்ப வாங்குனவங்க யாராச்சும் இருந்தா எவ்வளவு நாள் ஆச்சுன்னு சொல்லுங்க.