"0.2 நானோமீட்டர்" ஸ்பெக்ட்ரோமீட்டர் விற்க வந்தால் உஷார்

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் ரத்தினக்கல் வியாபாரம் செய்கிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றை, உள்ளங்கை அளவுதான், பையில் போட்டுக்கொண்டு ஒருவர் கடை கடையாக ஏறி இறங்குகிறார். என்னிடம் 7,800 ரிங்கிட் கறந்துவிட்டார்.

"அண்ணே, உள்ளே அசையுற பாகமே கிடையாது. பழுதாகாது, கேலிபரேஷனும் வேண்டாம்" என்றார். கேலிபரேஷன் என்றால் அளவு சரியா என்று பார்த்துத் திருத்துவது. அசையும் பாகம் இல்லை என்பது மட்டும் உண்மை. பழைய கருவிகளில் ஒளியைப் பிரிக்கும் கிரேட்டிங் என்ற வரித்தகடு சுழலும். இதில் அது அசையாமல் நிற்க, எல்லா அலைநீளமும் ஒரே நேரத்தில் சிசிடி எனும் ஒளி உணரும் சில்லில், வரிசையாக உள்ள பிக்சல்கள்மேல் விழும். ஆனால் ஒட்டிவைத்த கண்ணாடி மயிரிழை நகர்ந்தாலும், சூடு ஏறி இறங்கினாலும் கோடுகள் இடம் மாறும். ராத்திரி ஏர்கோன் அடைத்துவிட்டுப் போகும் நம் கடைகளில் கேலிபரேஷன் வேண்டாமாம்!

பெரிய ஏமாற்று பகுதிறனில்தான், அதாவது பக்கத்துப் பக்கத்துக் கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் திறனில். பெட்டியில் 0.2 நானோமீட்டர் என்று போட்டிருக்கிறது. 300 முதல் 1000 நானோமீட்டர் வரையுள்ள வீச்சை 3,648 பிக்சலால் வகுத்தால் 0.19 வரும். அது பிக்சல் கணக்கு, பகுதிறன் அல்ல. விவரத்தாளின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்: ஒளி நுழையும் பிளவு 100 மைக்ரான், பிக்சல் 8 மைக்ரான். ஒரு கோடு பன்னிரண்டு பிக்சலுக்குப் பரவி விழுகிறது. அப்படியானால் உண்மையான பகுதிறன் 2 நானோமீட்டருக்கு மேல்.

சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. கேஸ் அடுப்புத் தீயில் உப்பைக் காட்டினால் சோடியத்தின் மஞ்சள் கோடுகள் 589.0, 589.6 என இரண்டாகத் தெரியவேண்டும். எனக்கு வந்தது ஒரே மேடு. மாணிக்கத்தில் பச்சை லேசர் அடித்தால் வரும் 692.8, 694.2 இரட்டைக் கோடுகூட ஒட்டிப்போய்த்தான் வந்தது. கல் இயற்கையா செயற்கையா என்றும் அந்தக் கோடே சொல்லிவிடும் என்றாரே, அது சுத்தப் பொய். அது குரோமியத்தின் கோடு. ஆய்வகத்தில் வளர்த்த மாணிக்கத்திலும் அதே குரோமியம்தான்.

புகார் சொன்னதும் வாட்ஸ்அப்பில் புது மென்பொருள் வந்தது. போட்டுப் பார்த்தால் மேடு ஊசிபோலக் கூர்மையாகிவிட்டது. அதுவும் ஒற்றை ஊசி, கோடு இரண்டாகப் பிரியவே இல்லை!

திருப்பிக் கொடுத்தால் முப்பது விழுக்காடு கழிப்பாராம். பில் கடை பெயரில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகப் பொருள்களுக்குத்தான் என்பதால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் பக்கம் போக வழியில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், பதில் இல்லை.

இப்போது கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரக் கடைகளில் முன்பணம் வாங்குகிறார் என்று கேள்வி. அங்கே தெரிந்தவர்கள் இருந்தால் தகவல் சொல்லிவிடுங்கள்.