ரேம் கூட்டிய பிறகு க்ராஷ் ஆன என் டெஸ்க்டாப்: சில வருட அனுபவம்

இந்த டெஸ்க்டாப்பை 2020-லிருந்து தினமும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, டிடிஆர்4 3200-இல் 8 ஜிபி ரேம் இரண்டு. கல்யாண ஆல்பம் டிசைன்தான் முக்கிய வேலை, இடையில் கொஞ்சம் வீடியோ எடிட்டிங். அசெம்பிள் செய்த சிஸ்டம் எத்தனை வருஷம் தாங்கும் என்று பலர் கேட்கிறார்கள். நல்ல பாகங்களாகப் பார்த்துப் போட்டால் நன்றாகவே தாங்கும். இதற்கு வந்த பெரிய சோதனை, கூடுதல் ரேம் போட்டபோது வந்ததுதான். அதைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே பிரச்சினையில் ஃபார்மட் மேல் ஃபார்மட் அடித்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

ரேம் கூட்டவேண்டிய தேவை உண்மையானது. 12-க்கு 36 இன்ச் ஆல்பம் ஷீட்டை 300 டிபிஐ-யில் திறந்தால், ஒரு முழு லேயர் மட்டுமே 110 எம்பிக்கு மேல் போகும். முப்பது நாற்பது லேயர், பின்னால் பிரவுசர், ஒரு வீடியோ எக்ஸ்போர்ட் என்று சேர்ந்தால் 16 ஜிபி நிரம்பி, போட்டோஷாப் டிஸ்க்கைத் தேட ஆரம்பித்துவிடும். அதனால் அதே கம்பெனி, அதே மாடல், அதே வேகத்தில் இன்னும் இரண்டு 8 ஜிபி ஸ்டிக் வாங்கி மீதி ஸ்லாட்டுகளில் போட்டேன். 32 ஜிபி உடனே காட்டியது. வேலையும் பறந்தது.

அப்புறம் ஆரம்பித்தது. ஒரு நாள் ப்ளூ ஸ்கிரீனில் 'மெமரி மேனேஜ்மெண்ட்' என்று வந்தது. அடுத்த முறை 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. இன்னொரு முறை 'பேஜ் ஃபால்ட்'. இடையிடையே போட்டோஷாப் எந்தச் செய்தியும் சொல்லாமல் தானாக மூடிக்கொள்ளும். நல்ல ஜிப் ஃபைலை விரித்தால் சிஆர்சி எரர் (ஃபைல் கெட்டிருக்கிறது) என்று சொல்லும், மறுபடி விரித்தால் சரியாக விரியும்.

இதில்தான் முதல் துப்பு இருக்கிறது. பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருளில் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே ஸ்டாப் கோடு (ப்ளூ ஸ்கிரீனில் வரும் பிழைப் பெயர்), ஒரே ஃபைல் பெயர் திரும்பத் திரும்ப வரும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் உண்டு, க்ராஷ் பதிவுகள் அதில்தான் இருக்கும். நிர்சாஃப்ட்டின் ப்ளூஸ்கிரீன்வியூ போன்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்தால் எந்த ஃபைலில் விழுந்தது என்று வரிசையாகப் பார்க்கலாம். என் பட்டியலில் ஒவ்வொரு முறையும் வேறு பெயர், வேறு கோடு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இப்படி வந்தால் முதலில் ரேமைத்தான் சந்தேகப்படவேண்டும்.

கடையில் கேட்டதும் கிடைத்த முதல் யோசனை, "ஃபார்மட் அடிச்சுப் பாருங்க." ரேம் சந்தேகத்தில் இருக்கும்போது இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். விண்டோஸ் போடும்போது ஒவ்வொரு ஃபைலும் அந்த ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகிறது. நடுவில் ஒரு பிட் மாறினால், புதிதாகப் போட்ட விண்டோஸே கெட்டதாக உட்காரும். பிறகு ரேமைச் சரி செய்தாலும் க்ராஷ் நிற்காது, குழப்பம் இரட்டிப்பாகும்.

விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் என் சிஸ்டத்தில் 'பிரச்சினை இல்லை' என்றது. அதை நம்பி நிறுத்தவில்லை. மெம்டெஸ்ட்86+ என்பது ரேமைச் சோதிக்கும் இலவச மென்பொருள். பென்டிரைவில் எழுதி அதிலிருந்து பூட் செய்யவேண்டும். பூட் ஆக மறுத்தால் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) செக்யூர் பூட்டை அணைத்துப் பாருங்கள், ஆனால் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் முதலில் ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.

பழைய ஸ்டிக் இரண்டை மட்டும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டு ஓட்டினேன். பெரும்பாலான நான்கு ஸ்லாட் போர்டுகளில் இரண்டு ஸ்டிக்குக்கு இதுதான் சரியான இடம். சுத்தமாக இருந்தது. புதியவை இரண்டை மட்டும் அதே ஸ்லாட்டுகளில் போட்டேன், அதுவும் சுத்தம். பலர் இங்கே நிறுத்தி, ரேமில் குறையில்லை, போர்டுதான் போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள். நான்கையும் சேர்த்துப் போட்டு இரவெல்லாம் ஓடவிட்டதில்தான் உண்மை தெரிந்தது. முதல் பாஸில், அதாவது முதல் சுற்றில், ஒன்றுமில்லை. காலையில் பார்த்தால் திரையில் சிவப்பு வரிகள். பிழை வந்த முகவரி ஒரு பத்தி, இருக்கவேண்டிய மதிப்பு ஒரு பத்தி, இருந்த மதிப்பு ஒரு பத்தி.

அந்த முகவரிகளை நிதானமாகப் படிக்கவேண்டும். ஒரே முகவரி, ஒரே பிட் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு சிப் செத்துவிட்டது என்று அர்த்தம், அந்த ஸ்டிக்கை வாரண்டிக்கு அனுப்பவேண்டியதுதான். எனக்கு வந்தவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. தனித்தனியாகச் சுத்தம், சேர்ந்தால் சிதறிய பிழை என்றால், ஸ்டிக் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. நான்கும் சேர்ந்து அந்த வேகத்தில் ஓட முடியவில்லை என்பதுதான் விஷயம்.

காரணமும் ப்ராசஸர் கம்பெனியான ஏஎம்டியின் விவரக்குறிப்பிலேயே இருக்கிறது. ரேமை நிர்வகிக்கும் கண்ட்ரோலர் இப்போதெல்லாம் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு சேனல்தான், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்குக்குப் பதில் இரண்டு தொங்கினால் அந்தச் சேனலின் மின்சுமை கூடும், சிக்னல் தெளிவு குறையும். ரைசன் 3000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி சொல்வது, இரண்டு ஸ்டிக் என்றால் 3200, நான்கு சிங்கிள் ரேங்க் (ஒரு சிப் தொகுதி உள்ள) ஸ்டிக் என்றால் 2933, நான்கும் டூயல் ரேங்க் (இரண்டு தொகுதி) என்றால் 2667. ரேம் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் 3200 சிஎல்16 என்பது 1.35 வோல்ட்டில் எக்ஸ்எம்பி ப்ரொஃபைலை (ரேமை வேகமாக ஓட்ட பயாஸில் போடும் தயார் செட்டிங்) போட்டால் கிடைக்கும் வேகம். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஜோடிக்குத்தான் அது பொறுப்பு. இரண்டு பெட்டியைச் சேர்த்தால் அந்த வாக்குறுதி கிடையாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மாடல் எண் ஒன்றுதான், ஆனால் ஸ்டிக்கரில் அச்சாகியிருந்த வெர்ஷன் எண் வேறு. சிபியு-இசட் மென்பொருளில் எஸ்பிடி (ஸ்டிக்கின் விவரம்) பக்கத்தைத் திறந்தால், பழைய ஜோடியில் ஒரு கம்பெனியின் சிப், புதிய ஜோடியில் வேறு கம்பெனியின் சிப். ஒரே மாடல் பெயரில் காலத்துக்கேற்ப உள்ளே சிப் மாறுவது ரேம் தொழிலில் சகஜம். 'அதே மாடல்தானே' என்று கடையில் சொல்வதை நம்பமுடியாதது இதனால்தான்.

பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்தேன், பிழை நின்றது. பிறகு எக்ஸ்எம்பியைப் போட்டு வேகத்தை மட்டும் 2933-க்கு இறக்கி மறுபடி இரவு முழுக்க ஓட்டினேன். சுத்தம். சிபியு-இசட்டில் 1466 என்று காட்டினால் பயப்படவேண்டாம், டிடிஆர் என்பதால் அதன் இரட்டிப்புதான் நிஜ வேகம். ஆல்பம் வேலையில் 3200-க்கும் 2933-க்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. கேம் ஆடுபவர்களுக்குச் சில ஃப்ரேம் குறையலாம்.

ப்ளூ ஸ்கிரீனைவிட எனக்கு வலித்தது வேறு. அந்த நாட்களில் சேவ் செய்த சில ஜேபெக் படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகிவிட்டன. க்ராஷ் கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரிவதில்லை. மாதங்கள் கழித்துப் பிரிண்டுக்கு அனுப்பும்போதுதான் தெரியும். ஒருவருடைய கல்யாணப் படம் அப்படிப் போனால் திரும்ப எடுக்கவா முடியும்? ஒரிஜினல்கள் தனி ஹார்ட்டிஸ்கில் இருந்ததால் தப்பித்தன. ரேமில் சந்தேகம் வந்த நிமிஷத்திலிருந்து அந்த சிஸ்டத்தில் எதையும் காப்பி, மூவ், சேவ் செய்யாதீர்கள். பழுது தீர்ந்தபின் அந்தக் காலத்து ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற கட்டளையை ஓட்டி விண்டோஸ் ஃபைல்களையும் சரிபாருங்கள்.

ஒருமுறை சுத்தமாக இருந்த ரேம் என்றைக்கும் சுத்தமாக இருக்கும் என்றும் இல்லை. 2022 அக்டோபரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் சொந்த மெஷினிலேயே, இரண்டரை வருஷம் ஒழுங்காக ஓடிய ஒரு ரேம் ஸ்டிக் திடீரென்று கெட்டு, லினக்ஸ் 6.1 வேலை தாமதமானது. எழுதிய கோடை ஓடும் மென்பொருளாக மாற்றும் கம்பைலர் இஷ்டத்துக்கு விழுந்திருக்கிறது. அவரும் பழைய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) பூட் செய்து பார்த்துவிட்டு, இரவு முழுக்க மெம்டெஸ்ட்86+ ஓட்டித்தான் உறுதி செய்தார். பிழையைத் தானே திருத்தும் இசிசி ரேம் சாதாரண டெஸ்க்டாப்புக்கும் வரவேண்டும் என்று அவர் வாதாடுவது எனக்கு முழுக்கச் சரியாகப் படுகிறது.

பல மாதம் கழித்து இன்னொரு வகை வந்தது. ப்ளூ ஸ்கிரீனே இல்லாமல், எக்ஸ்போர்ட் நடுவில் சட்டென்று அணைந்து ரீஸ்டார்ட். ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று இருந்தது. முறையாக ஷட்டௌன் ஆகவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. அதன் விவரத்தில் பக்செக் கோடு (க்ராஷ் எண்) பூஜ்யம் என்றால் விண்டோஸுக்கு டம்ப் எழுதக்கூட நேரம் கிடைக்கவில்லை, முதலில் கரண்ட் பக்கம் பார்க்கவேண்டும். நண்பரின் எஸ்எம்பிஎஸ்ஸை (சிஸ்டத்துக்குக் கரண்ட் தரும் பெட்டி) மாற்றிப் போட்டதும் நின்றது. புதியது வாங்கினேன். வீட்டு இன்வெர்ட்டரில் சிஸ்டம் ஓட்டுபவர்கள் அதை யுபிஎஸ் மோடில் வைத்திருக்கிறார்களா என்றும் பார்க்கவேண்டும். மற்ற மோடில் கரண்ட் போகும்போது மாறுவதற்கு ஆகும் நேரத்தை எஸ்எம்பிஎஸ் தாங்காமல் ரீஸ்டார்ட் ஆகும்.

மழைக்காலத்துக்குப் பின் ஒரு முறை டிஸ்ப்ளேயே வரவில்லை. இது எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்டு, ரேமைக் கழற்றித் தங்க நிறக் கால்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள் ஒன்றும் ஸ்லாட்டுக்குள் விழாமல் ஐபிஏ (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) தொட்ட துணியால் துடைத்து, இரண்டு பக்கமும் கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்தினால் போதும்.

இன்றைக்கும் நான்கு ஸ்டிக்கும் 2933-இல் ஓடுகின்றன. இப்போது வாங்குவதென்றால் 16 ஜிபி இரண்டு, ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதை வாங்கி, பழையதைக் கழற்றி விற்றிருப்பேன். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் போவதால் ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களும் அதிகமாகிவிட்டார்கள். அப்படி வாங்கினால் ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறதா, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். திருப்பிக் கொடுக்க ஒரு நாள் அவகாசம் பேசிக்கொண்டு, அந்த இரவே உங்கள் போர்டில், எல்லா ஸ்டிக்கும் போட்ட நிலையில், மெம்டெஸ்ட் ஓட்டிவிடுங்கள்.