ஆங்கில வாக்கியத்தைக் கோடு போட்டுப் பிரிக்கும் முறை: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் மாலை நேர டியூஷன் எடுக்கிறேன். தமிழ் மீடியம் பிள்ளைகளும் கேரள பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும் வருகிறார்கள். ஆங்கில வாக்கிய அமைப்பைச் சொல்லிக்கொடுக்க ரீட்–கெல்லாக் வரைபட முறையைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். அமெரிக்க ஆசிரியர்கள் இருவர் 1877-இல் கொண்டுவந்தது. அதற்கும் முன்னால், 1847-இல், கிளார்க் என்பவர் சொற்களைக் குமிழிகளுக்குள் அடைத்துக் காட்டினார். நல்லவேளை, அது நிலைக்கவில்லை.

வரைவது எளிது. ஒரு படுக்கைக் கோடு. அதன்மேல் எழுவாய், வினை, செயப்படுபொருள். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே படுக்கைக் கோட்டை வெட்டிக் கீழிறங்கும் செங்குத்துக் கோடு. செயப்படுபொருளுக்கு முன்னால் மேலேயே நின்றுவிடும் குட்டைக் கோடு. அடைமொழிகள் கீழே சாய்கோட்டில். துணைவாக்கியத்துக்குத் தனிப் படுக்கைக் கோடு, இணைக்கப் புள்ளிக்கோடு.

இந்த முறை தன் மதிப்பைக் காட்டுவது துணைவாக்கியத்தில்தான். “மழை கெடுத்த தேங்காய்களை விற்ற விவசாயி முன்பணம் கேட்டார்” என்ற வாக்கியத்தில் முற்றுவினை ஒன்றே ஒன்று. ‘கெடுத்த’, ‘விற்ற’ இரண்டும் பெயரெச்சம். மலையாளமும் இதே போக்கு என்பதால், எல்லையில் இரண்டு மொழி பேசி வளர்ந்தாலும் இந்த இடத்தில் கைகொடுக்க ஆளில்லை. ஆங்கிலத்திலோ அந்தப் பெயரெச்சங்கள் முற்றுவினைகளாகிவிடும்: “தி ஃபார்மர் ஹூ சோல்ட் தி கோகனட்ஸ் தட் தி ரெயின் ஹாட் டேமேஜ்ட் ஆஸ்க்ட் ஃபார் அன் அட்வான்ஸ்.” விவசாயி முதலிலேயே வந்துவிடுகிறார்; தேங்காய் அவருக்குப் பின்னால், மழை அதற்கும் பின்னால்.

பி.எஸ்.சி.க்குப் படிக்கும் ஒரு பெண் இதை எழுதும்போதெல்லாம் ‘டேமேஜ்ட்’ என்பதற்குப் பிறகு ‘தெம்’ என்று சேர்த்துவிடுவார். “எதைக் கெடுத்தது என்று சொல்ல வேண்டாமா, சார்?” என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. படத்தைப் போடச் சொன்னேன். மழை எழுவாய் இடத்தில். ‘தட்’ வாக்கியத்தில் முன்னால் நின்றாலும் படத்தில் செயப்படுபொருளின் இடத்துக்குப் போயிற்று. அந்த சீட்டில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், ‘தெம்’மை அவரே அடித்துவிட்டார். வாயால் விளக்கியிருந்தால் அரை மணி நேரம் போயிருக்கும்.

ஒருமை, பன்மைக் குழப்பத்துக்கும் கைகண்ட மருந்து இது. “தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ்” என்று தொடங்கினால் ‘ஆஃப்’ சாய்கோட்டுக்கும், மாம்பழம் அதோடு சேர்ந்த கீழ்ப் படுக்கைக் கோட்டுக்கும் இறங்கிவிடும். மேலே ‘குவாலிட்டி’ மட்டும் நிற்கும். பிறகு ‘ஆர்’ என்று எழுதக் கை வராது.

ஆனால் பெரிய குறை ஒன்று உண்டு. படம் போட்டதும் சொல்வரிசை மறைந்துவிடுகிறது. “ஹீ ஹாஸ் ஈட்டன்” என்பதும் “ஹாஸ் ஹீ ஈட்டன்?” என்பதும் ஒரே படம்தான். வினையைக் கடைசியில் வைத்துப் பழகிய நமக்கு வரிசைதான் முதல் தலைவலி. அதையே இந்த முறை ஒளித்துவைக்கிறது. ஆங்கிலத்தைப் பேச்சில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டது என்பது இங்கேதான் தெரிகிறது. அழகாகப் படம் போடும் மாணவன் கட்டுரை எழுதும்போது தடுமாறுவதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் படத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே, வாக்கியத்தில் அது எத்தனையாவது என்று எண் போடச் சொல்கிறேன். பார்க்க அழகாக இருக்காது, பயன் உண்டு.

செய்தித்தாள் தலையங்க வாக்கியத்தைப் போட்டால் ஒரு பக்கம் போதாது. தேர்வு அறையிலும் இதற்கு நேரமில்லை. அங்கே முற்றுவினைகளை அடிக்கோடிட்டு எண்ணினால் போதும். ‘ஹாட் டேமேஜ்ட்’ போலத் துணைவினையோடு வருவதை ஒன்றாகக் கணக்கிட வேண்டும். எத்தனை முற்றுவினையோ, அத்தனை துண்டுகளாக வாக்கியம் பிரியும்.

செலவு, கோடு போடாத நோட்டு ஒன்று. எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நான் இதைத் தருவதில்லை; அவர்களுக்கு வரிசை முதலில் படியட்டும்.