விஎல்எஃப் ரிசீவர்: பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

அமெரிக்காவின் இன்ஸ்பயர் கல்வித் திட்டத்தின் விஎல்எஃப்-3 (விஎல்எஃப் என்றால் மிகத் தாழ்ந்த அதிர்வெண்) ரிசீவர் கிட்டை வாங்கி, நானே சோல்டர் செய்து, பல வருடமாகக் கனடாவின் ஒன்டாரியோவில் பயன்படுத்தி வருகிறேன். மின்னலிலும் பூமியின் காந்த மண்டலத்திலும் தானாக உண்டாகும் ரேடியோ அலைகளைக் கேட்கத்தான் இது. அந்த அலைகளின் அதிர்வெண்ணே நம் காதுக்கு எட்டும் அளவில் இருப்பதால் ட்யூன் செய்யும் வேலை கிடையாது, ஆன்டெனாவில் வருவதைப் பெருக்கி அப்படியே ஹெட்போனில் கொடுக்கிறது.

வீட்டில் உட்கார்ந்து கேட்கலாம் என்று நினைத்து மட்டும் வாங்காதீர்கள். கரண்ட் கம்பியின் 60 ஹெர்ட்ஸ் உறுமல் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். நான் அல்கோன்குவின் காட்டுப் பூங்கா பக்கம் லைன் இல்லாத இடமாகத் தேடிப் போவேன். வெட்டவெளியாகவும் இருக்க வேண்டும், மரத்தடியில் நின்றால் சிக்னல் படுத்துவிடும். கோடையில் கொசு வேறு. அதன் உடம்பில் இருக்கும் துளி மின்னூட்டம் போதும், ஆன்டெனா பக்கத்தில் பறந்தாலே ஹெட்போனில் 'ங்ங்ங்' என்று கேட்கும், நல்ல பதிவுகள் சில இப்படியே கெட்டுப்போயின.

ஆனால் விசிலர், அதாவது மின்னலில் பிறந்து விசில் மாதிரி ஒலிக்கும் அலை, வரும்போது இந்த அலைச்சல் எதுவும் பெரிதாகத் தெரியாது. முதலில் மின்னலின் 'டிக்'. ஓரிரு வினாடி ஒன்றுமில்லை. அப்புறம் உச்ச ஸ்தாயியில் தொடங்கி வழுக்கிக்கொண்டே கீழே இறங்கும் ஒரு நீண்ட விசில். அந்த இடைவெளியில் அலை பூமியின் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பல ஆயிரம் கிலோமீட்டர் உயரம் ஏறி, தென் துருவப் பக்கம் இறங்கி, திரும்பவும் வந்திருக்கிறது. வழியில் உள்ள பிளாஸ்மாவில் (மின்னூட்டமுள்ள துகள்களாலான வாயுவில்) அதிக அதிர்வெண் வேகமாகப் போவதால்தான் அது முன்னால் வருகிறது. 1953-இல் ஓவன் ஸ்டோரி என்ற விஞ்ஞானி இதை விளக்கியபோதுதான், அவ்வளவு உயரத்திலும் எலக்ட்ரான்கள் தாராளமாக இருப்பது தெரிந்தது. ராக்கெட் எதுவும் அனுப்பாமல், கேட்டே கண்டுபிடித்தது! பிறகு 1973 முதல் 1988 வரை அன்டார்க்டிகாவின் சைபிள் நிலையத்திலிருந்து அனுப்பிய சிக்னலை, அதே கோட்டின் மறுமுனையான கியூபெக்கின் ரொபெர்வாலில் வாங்கினார்கள்.

காந்த மண்டலத்திலேயே உண்டாகும் கோரஸ் என்ற அலையைக் கேட்க வேண்டுமென்றால் காந்தப் புயலுக்கு மறுநாள் விடியற்காலை போங்கள். 2024 மே புயலை அடுத்து எனக்குக் கிடைத்தது, நூற்றுக்கணக்கான குருவிகள் ஒரே மரத்தில் அடைந்து கத்துவது மாதிரி, மேல்நோக்கி எகிறும் குட்டிக்குட்டிக் கீச்சுகள், விடாமல். பூமியைச் சுற்றியுள்ள வேன் ஆலன் கதிர்வீச்சுப் பட்டையில் எலக்ட்ரான்களை அபாயகரமான வேகத்துக்குத் தள்ளிவிடுவதில் இந்த அலைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதை வாங்க நினைப்பவர்களுக்கு: காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிப் போகிறது, அங்கே காந்தக் கோடுகள் உயரமாக எழும்புவதே இல்லை, அதனால் விசிலருக்காக வாங்க வேண்டாம். ட்வீக் என்ற வேறொரு மின்னல் ஒலி கிடைக்கும். இரவில் மின்னல் அலை தரைக்கும், மேலே மின்னூட்டமுள்ள காற்றடுக்கான அயனி மண்டலத்துக்கும் நடுவே மோதி மோதி வந்து, 1.7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 'டியூங்' என்று முடியும். அதற்கு இந்த ரிசீவர் தாராளமாகப் போதும், லைன் இல்லாத வெட்டவெளி ஒன்றைத்தான் முதலில் தேடி வைத்துக்கொள்ள வேண்டும்.